எட்டாத பூநாரை: வெட்டுவதா, எக்ஸ்டெண்டரா, நீண்ட லென்ஸா?

06.01.2025, வாசகர் கேள்வி

பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுப் பக்கம் வீதியோரத்தில் நின்று பூநாரைகளைப் படமெடுக்கிறேன். கையில் இருப்பது கெனன் 200டி கமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். முழுக்க நீட்டினாலும் பறவை ஒரு வெள்ளைக் கீற்றாகத்தான் விழுகிறது. படத்தை வெட்டிப் பெரிதாக்குவதா, கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் பூட்டும் 2 மடங்கு எக்ஸ்டெண்டர் வாங்குவதா, கடன்பட்டாவது ஒரு 150-600 லென்ஸ் வாங்குவதா? எக்ஸ்டெண்டர் போட்டால் 300 அப்படியே 600 ஆகிவிடும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மூன்றிலும் அதுதான் மலிவு. அண்ணா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

06.01.2025, இரவு

தம்பி, நண்பர் சொன்னது பாதி உண்மை. 300 என்பது 600 ஆகும்; ஆனால் எஃப் 5.6 என்பது எஃப் 11 ஆகும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். எஃப் எண் கூடக் கூட, லென்ஸ் வழியே விழும் காட்சியின் பிரகாசம் குறையும். 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் ஒரு ஸ்டொப், அதாவது பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும், 2 மடங்கு இரண்டு ஸ்டொப்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் கமராவின் பார்வைத் துளை வழியே வேலை செய்யும் போகஸ் புள்ளிகள் எஃப் 5.6 வரைக்குமென்று அமைக்கப்பட்டவை. எஃப் 11 இல் அவை முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் பறவை அனலைதீவுக்கே போய்விடும்.

இன்னொன்று. கெனன் தயாரிக்கும் எக்ஸ்டெண்டர்களின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தலுக்குப் பின்புறம் இடம் விட்டுச் செய்யப்பட்ட குறிப்பிட்ட சில லென்ஸ்களில் மட்டுமே அவை பொருந்தும். சாதாரண 70-300 அந்தக் கூட்டத்தில் இல்லை. வேறு நிறுவனங்களின் எக்ஸ்டெண்டர்கள் பொருந்தக்கூடும். பொருந்துவதும் பயன்படுவதும் ஒன்றல்ல.

07.01.2025

நேற்று எழுதியதில் கணக்கு இல்லை என்று கொழும்பு வாசகர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். கணக்கு இதோ.

பெரிய பூநாரை நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 1.3 மீற்றர் உயரம். அது 200 மீற்றர் தூரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தைக் கமராவின் உணரியின் (சென்சர்) மேல் 1.95 மி.மீ. உயரத்துக்கு விழுத்தும். 200டி கமராவில் ஒரு பிக்சலின் அகலம் 3.7 மைக்ரோன் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) அளவு. ஆகவே பறவைக்குக் கிடைப்பது தலையிலிருந்து கால்வரை 520 பிக்சல்கள். 600 மி.மீ. என்றால் இதன் இரு மடங்கு, 1,050 அளவில் வரும். கைப்பேசித் திரையில் போடுவதற்கு 520 போதும். அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைத்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான அளவில், அந்தப் பறவை இரண்டு அங்குலத்தைக்கூட எட்டாது.

வெட்டுவதென்பது பிக்சல்களைக் கூட்டுவதில்லை. சுற்றியுள்ள வெறும் தண்ணீரை அகற்றுவது மட்டுமே அதன் வேலை. 6000க்கு 4000 என்ற 24 மெகாபிக்சல் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். பறவை மேலுள்ள 520 பிக்சல் அந்த 520 ஆகவே இருக்கும்.

07.01.2025, சற்றுப் பின்

கணக்கைத் தொடங்கியபின் பாதியில் விடக்கூடாது. பலர் கவனிக்காமல் போகும் இடம் இனித்தான் வருகிறது.

பறவையிலிருந்து கமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதைத் தீர்மானிப்பது எஃப் எண் மட்டும் அல்ல. லென்ஸின் திறந்த வாயின் விட்டம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54 மி.மீ. எக்ஸ்டெண்டர் பூட்டியபின் 600ஐ 11ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே 54 தான் வரும். எக்ஸ்டெண்டர் லென்ஸுக்குப் பின்னால் உட்காரும் ஒரு குழிவில்லைத் தொகுதி. தொலைநோக்கியில் பயன்படும் பார்லோ வில்லையும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். முன்வாயை அது தொடுவதே இல்லை. வாய்க்குள் வந்த வெளிச்சத்தை அகலமாகப் பரப்புகிறது, அவ்வளவே.

ஆகவே ஒரே ஷட்டர் வேகத்தில், 300இல் எடுத்துப் பாதியாக வெட்டிய படத்துக்கும் எக்ஸ்டெண்டர் பூட்டி வெட்டாமல் விட்ட படத்துக்கும் பறவை தந்த வெளிச்சம் ஒன்றே. பறவையின் உடலில் தெரியும் குருணையும் (வெளிச்சம் குறைந்தால் படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகள்) ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 150-600 லென்ஸ் 600இல் எஃப் 6.3, அதன் வாய் 95 மி.மீ. வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால், 54 மி.மீ. வாயைவிட மூன்று மடங்குக்கும் சற்று மேல். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த மூன்று மடங்கைத்தான். நீளம் அதனுடன் சேர்ந்து வருகிறது.

08.01.2025

“அப்படியானால் எக்ஸ்டெண்டர் செய்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரரா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை.

எக்ஸ்டெண்டர் பயன்படும் இடம் உண்டு. லென்ஸ் தரும் நுண்விபரத்தைப் பிடிக்கும் அளவுக்கு உணரியின் பிக்சல்கள் சிறியனவாக இல்லாதபோது அது பயன்படும். ஒளி அலையாக இருப்பதால் எவ்வளவு நல்ல லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாக விழுத்தாது, சிறு தட்டாகவே விழுத்தும். பச்சை ஒளியில் எஃப் 5.6இல் அந்தத் தட்டின் விட்டம் 7.5 மைக்ரோன், எஃப் 11இல் 15 மைக்ரோன். 20 மெகாபிக்சல் முழுச்சட்டக் (பழைய பிலிம் அளவுக்குப் பெரிய உணரி கொண்ட) கமராவின் பிக்சல் 6.5 மைக்ரோன் அளவில் இருக்கும். அங்கே தட்டு ஒரு பிக்சலைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். பரப்பிக் கொடுத்தால் மேலும் விபரம் வெளிவரும். தம்பியின் 200டியில் அதே தட்டு எஃப் 5.6இலேயே இரண்டு பிக்சல் அகலம். எக்ஸ்டெண்டர் பூட்டினால் நான்கு பிக்சல் அகலமாகும். விபரம் கொஞ்சம் கூடலாம். ஆனால் 70-300 போன்ற லென்ஸ் 300இல் ஏற்கெனவே மென்மையாக இருப்பதால், அந்த மென்மையும் சேர்ந்தே பெரிதாகும்.

சுருக்கமாக: 300 எஃப் 2.8 அல்லது 500 எஃப் 4 வைத்திருப்பவருக்கு எக்ஸ்டெண்டர் நல்ல நண்பர். அவர்களுடைய லென்ஸ் கூர்மையில் கொழுத்தது, வாயும் பெரிது. எங்களைப் போன்றவர்களுக்கு அது விருந்தாளி.

08.01.2025, பின்னேரம்

இடையில் ஒரு சிரிப்பு. என்னுடைய கூட்டாளி ஒருவர் இணையத்தில் “எக்ஸ்டெண்டர்” என்று தேடி, மலிவாகக் கண்டு, உடனே வாங்கிவிட்டார். வந்து சேர்ந்ததைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது. உள்ளே கண்ணாடியே இல்லை. அது எக்ஸ்டென்ஷன் டியூப், பூச்சிகளை நெருங்கி எடுப்பதற்கான வெறும் வளையம். அதைப் பூட்டினால் தொலைவில் உள்ள எதுவும் போகஸுக்கு வராது. திருப்பி அனுப்பும் செலவு விலையைவிடக் கூட வந்ததால் வைத்துக்கொண்டார். இப்போது அவருடைய முருங்கை மரத்து எறும்புகளை அவரளவுக்கு அறிந்தவர் வலிகாமத்தில் இல்லை.

வாங்குமுன் கண்ணாடி உள்ளதா என்று பாருங்கள்.

11.01.2025

கமரா உணரி சிறியதாக இருந்தால் 600 என்பது 960 ஆகிவிடும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகாது. சிறிய உணரி, பெரிய உணரி பார்க்கும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கிறது. அதுவும் வெட்டுதான், நீங்கள் வீட்டில் செய்வதைத் தொழிற்சாலை முன்கூட்டியே செய்துவிட்டது. பறவைக்கு எத்தனை பிக்சல் என்பதற்குப் பிக்சலின் அளவைத்தான் பார்க்க வேண்டும். கெனன் ஆர்5 45 மெகாபிக்சல் முழுச்சட்டம்; அதைச் சிறிய உணரியின் அளவுக்கு வெட்டினால் 17 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஆர்7 அதே சிறிய பரப்பில் 32.5 மெகாபிக்சலை அடக்கியிருக்கிறது. தம்பியின் பழைய 200டி 24. ஆகவே தூரத்துப் பறவைக்கு அந்த விலை உயர்ந்த ஆர்5ஐவிட அவருடைய கமரா கூடுதல் பிக்சல் தருகிறது. போகஸிலும் வேகத்திலும் ஆர்5 எங்கோ இருக்கிறது என்பது வேறு கதை.

19.01.2025

இன்று காலை மண்டைதீவுப் பக்கம் போயிருந்தேன். கணக்குகளை எல்லாம் கவிழ்க்கும் ஒன்றை எழுதாமல் விட்டால் இந்த இழை அரைகுறையாகிவிடும்: காற்று.

விடியற்புறம் கடல்நீரேரி ஆடாமல் கிடக்கும்போது 200 மீற்றரில் நின்ற பூநாரையின் அலகு வளைவும் கண்ணும் தெளிவாக வந்தன. வெயில் ஏறி வீதித் தாரும் கரைச் சேறும் சூடாகத் தொடங்கிய பிறகு, அதே இடத்தில், அதே பறவைகளை, அதே லென்ஸால் எடுத்தால் கால்கள் பிழிந்த இடியப்பம் போல் நெளிந்தன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. லென்ஸ் நீள நீள அந்த நெளிவும் கூடவே பெரிதாகும். பகல் பத்து மணிக்கு 200 மீற்றர் நீருக்கு மேலால் 600இல் எடுத்த படத்தையும் 300இல் எடுத்து வெட்டிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கடினம். இரண்டிலும் காற்றுத்தான் படத்தை எடுத்திருக்கும்.

படம் ஏன் மங்கியது என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு படங்களைத் தட்டிவிட்டு, வீட்டில் திரையில் நூறு வீதத்துக்குப் பெருப்பித்து, பறவையின் கால்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒரு படத்தில் முழங்கால் நெளிந்து கணுக்கால் நேராக, அடுத்ததில் கணுக்கால் நெளிந்து முழங்கால் நேராக இருந்தால் குற்றம் காற்றில். முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவை மங்கி, அதற்கு முன்னாலுள்ள வலைக் கம்பு கூர்மையாக இருந்தால் போகஸ் முன்னே விழுந்திருக்கிறது. இவை மூன்றையும் பிரித்தறியாமல் லென்ஸைக் குறை சொல்பவர் லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பார்.

வாகனத்துக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சிறிது நேரம் பொறுத்திருந்து எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று யன்னலால் வெளியேறும்போது, லென்ஸின் மூக்குக்கு முன்னாலேயே நெளிவை உண்டாக்கும். குளிர்ந்த லென்ஸை வெளியே நீட்டினால் கண்ணாடியில் ஆவியும் படியும்.

20.01.2025

தம்பி கேட்கிறார்: “அப்படியானால் 150-600 வாங்குவதில் பயனில்லையா?” இருக்கிறது, காலையில்; மப்பான நாளில்; 60 மீற்றருக்குள் நிற்கும் பறவைக்கு. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றோடு மப்புப் போட்டிருக்கும் நாள்களில், மத்தியானத்தில்கூட நெளிவு குறைவு. ஆனால் அப்போது வெளிச்சமும் குறைவு, 95 மி.மீ. வாய் அங்கேதான் கைகொடுக்கும்.

நிறையைப் பற்றியும் யோசியுங்கள். சிக்மாவின் 150-600 இலகு வகை கிட்டத்தட்ட 1.9 கிலோ. மோட்டார் சைக்கிளில் வல்லை வெளிக் காற்றுக்குள் கொண்டுபோய்க் கையில் பிடித்து எடுப்பதென்றால் தோள் பேசத் தொடங்கும். நான் முக்காலியைவிடத் தவிடு நிரப்பிய துணிப்பையையே விரும்புகிறேன். பாலத்துக் கட்டிலோ வாகன யன்னலிலோ போட்டு, லென்ஸை அதன்மேல் அமர்த்தினால் போதும்.

கெனன் 2020இல் கொண்டுவந்த 800 எஃப் 11 பற்றி ஒருவர் எழுதியிருந்தார். 1.26 கிலோ மட்டுமே. உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் எஃப் 11இலும் போகஸ் ஆகும். தம்பியின் கமராவில் அது பூட்டாது. வாயைக் கணக்கிடுங்கள்: 800ஐ 11ஆல் வகுத்தால் 73. நீளத்தில் 600ஐ வென்று வெளிச்சத்தில் தோற்கிறது. நல்ல வெயிலில் அது அருமையான கருவி. எங்கள் ஊரில் நல்ல வெயில் என்றால் நெளிவும் உண்டு. இந்த முரணை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

02.02.2025

நான்காவது வழி ஒன்றை யாரும் கேட்கவில்லை. தூரத்தைக் குறைத்தல்.

200 மீற்றரை 100 ஆக்கினால், அதே 300 லென்ஸில் பறவைக்கு 1,050 பிக்சல் கிடைக்கும். பறவையிலிருந்து வாய்க்குள் வரும் வெளிச்சம் நான்கு மடங்காகும். இடையிலுள்ள நெளிகாற்றும் பாதியாகும். இவை மூன்றையும் ஒருசேரத் தரும் கண்ணாடி எந்தக் கடையிலும் இல்லை. மாரி நீர் வற்ற வற்றப் பறவைகள் மேயும் இடமும் நகர்கிறது. எந்தப் பகுதி எந்த வாரத்தில் முழங்கால் ஆழத்துக்கு வருகிறது என்பதை மீன்பிடிப்பவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். அவர்கள் வலையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கும்போது பறவைகள் சற்று விலகிக்கொடுத்துத் தொடர்ந்து மேய்கின்றன. நாங்கள் கரையில் இறங்கி நேராக அவற்றை நோக்கி நடந்தால் கழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிரும். கழுத்து நிமிர்ந்தால் நில்லுங்கள். மேலும் ஓர் அடி வைத்தால் கூட்டம் எழும்பும். பறக்கும் படத்துக்காக வேண்டுமென்றே எழுப்புபவர்களை நான் படப்பிடிப்பாளர் என்று எண்ணுவதில்லை. நெடுந்தூரம் பறந்து வந்து மேய்ந்துகொண்டிருக்கும் பறவை அது.

நேராகப் போகாமல் சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, குந்தியிருந்து, மீண்டும் நடந்தால் எட்டும் தூரம் வியப்பாக இருக்கும். சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம், கண்டல் மறைவில் அசையாமல் இருந்தால் மீன்கொத்தி தானாகவே வந்து உட்காரும். 17 சென்ரிமீற்றர் மீன்கொத்தி 15 மீற்றரில் இருந்தால் உங்கள் 300இலேயே 900 பிக்சலுக்கு மேல்.

நீண்ட லென்ஸுடன் கரையில் திரிபவர்களுக்கு இன்னொரு வார்த்தை: காவலரண் உள்ள திசைக்கு அதைத் திருப்பவே வேண்டாம். பறவை அங்கேதான் நின்றது என்ற விளக்கம் எவ்வளவு உண்மையானாலும், அன்றைய காலை வெளிச்சம் அந்த விளக்கத்திலேயே முடிந்துவிடும்.

03.02.2025

“டிரோன் அனுப்பினால் என்ன?” என்ற கேள்விக்கு: அனுப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது சட்டப்படி பிரச்சினை. சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவில் எண்ணவே கூடாது. அனுமதி இருந்தாலும் கூட்டம் முழுவதும் எழும்பும்.

22.02.2025

மென்பொருளால் பெருப்பிப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். குருணை நீக்கும் புதிய மென்பொருள்களை நான் பயன்படுத்துகிறேன். கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பிலிருந்து தொடங்கினால், வெட்டிய படம்கூட நன்றாகவே துலங்குகிறது. அந்த அளவில் அவை வெட்டுதலின் பக்கத்துத் தராசை உண்மையாகவே தாழ்த்தியிருக்கின்றன. ஐந்தாறு வருடங்களுக்கு முன் என்றால் வெட்டாதீர்கள் என்றே சொல்லியிருப்பேன்.

பெருப்பிப்பது வேறு. 520 பிக்சல் பறவையை 2,000 ஆக்கச் சொன்னால், இல்லாத இறகை அது வரைந்து தரும். அழகாகத்தான் வரையும். ஆனால் ஒரு கரைப்பறவை கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா என்று வாலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில், அந்த வாலை மென்பொருள் ஊகித்து வரைந்திருந்தால் அந்தப் படம் எதற்கும் சான்றாகாது. பறவைக் கணக்கெடுப்புக்குப் படம் அனுப்புபவர்கள் வெட்டிய மூலத்தையே அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

14.07.2025

இழை அடங்கிக் கிடந்தது. நல்லூர்த் திருவிழா நெருங்குவதால் மீண்டும் எழும்பியிருக்கிறது. இருபத்துநான்காம் நாள் தேரை எடுப்பதற்கு எக்ஸ்டெண்டர் வேண்டுமா என்று கேட்கிறார் ஒருவர். வேண்டாம். வெளிவீதியில் தேர் உங்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. தூரத்தில் இருப்பது உங்களுக்கு முன்னால் நிற்பவரின் தலைக்கு அப்பால் உள்ள இடைவெளி. அதற்கு ஒரு திண்ணையோ, தெரிந்தவர் வீட்டு மேல்மாடியோதான் மருந்து.

ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. நீண்ட லென்ஸ் கோபுரத்தைத் தேருக்குப் பின்னால் இழுத்து ஒட்டிவைக்கும் என்கிறார்கள். இழுப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். தேரிலிருந்து பின்வாங்கி நின்றால் தேருக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு விகிதம் மாறும். அதே இடத்தில் நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்து நடுவை வெட்டினாலும், 200இல் எடுத்தாலும், தேரும் கோபுரமும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை அச்சொட்டாக ஒன்றே. சந்தேகமிருந்தால் உங்கள் ஊர்க் கோயிலில் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பூநாரைக்கு நான் எழுதிய பிக்சல் கணக்கு இங்கே அவ்வளவு நெருக்குவதில்லை. தேர் பெரிது, வெட்டத் தாராளமாக இடம் இருக்கும்.

16.07.2025

தம்பி முடிவெடுத்துவிட்டார். எக்ஸ்டெண்டர் இல்லை, பாவித்த 150-600 ஒன்று கைக்கு வந்திருக்கிறது, என்ன பார்த்து வாங்குவது என்று கேட்கிறார். பறவைகள் திரும்பி வர இன்னும் மாதங்கள் இருப்பதால் அவசரப்பட வேண்டாம்.

எங்கள் ஊரின் ஈரமும் உப்புக்காற்றும் லென்ஸுக்குள் பூஞ்சணத்தை வளர்க்கும். பின்மூடியைக் கழற்றி, எஃப் துளையை முழுதாகத் திறந்து, சிறு டோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து சரிவாக அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி இழை போல் கிளைத்த வெண்மை தெரிந்தால் கைவிடுங்கள். இரண்டு மூன்று தூசித் துணுக்கு பிரச்சினை இல்லை. பூட்டும் வளையத்தின் திருகுகளில் பச்சை படிந்திருந்தால் அது கடற்கரையில் அதிகம் திரிந்த லென்ஸ். சூம் வளையத்தைச் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின்னர் 600இல் எஃப் 6.3 வைத்து, காலை வெளிச்சத்தில், 30 மீற்றர் தூரத்துச் சுவரொட்டி ஒன்றை நேராகப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் தனியே மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கக்கூடும்.

விற்பவர் வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க விடவில்லை என்றால், விலையைக் குறைத்தாலும் வாங்க வேண்டாம்.